கூட்டம் எந்தக் கிழமை?

எங்கள் கட்சிக் கிளையின் தீர்மானப் புத்தகத்தில் 2019 டிசம்பர் 11-ஆம் தேதிக்குரிய பக்கத்தை நான் அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதுண்டு. நீல மையில் என் கையெழுத்தில் இரண்டு வரிகள் இருக்கின்றன: "ஊராட்சி மன்றத் தலைவர் தேர்தலில் யாருக்கு ஆதரவளிப்பது என்பது குறித்து விவாதிக்கப்பட்டது. ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது." அதன் கீழே 17 பேரின் கையொப்பங்கள். அன்றைக்கு எங்கள் கிளையில் உறுப்பினர் அட்டை வைத்திருந்தவர்கள் 74 பேர். கையொப்பமிட்ட 17 பேரில் தேயிலை பறிப்பவர் ஒருவர்கூட இல்லை. பெண்கள் 3 பேர். இருளர் கிராமங்களிலிருந்து யாருமே இல்லை. ஒருமனதாக என்ற சொல்லை எழுதியவன் நான். கூட்டத்துக்கு நாளும் நேரமும் குறித்து, அறிவிப்பு எழுதி, டீக்கடைச் சுவரில் ஒட்டியவனும் நான்தான். கிளைத் துணைச் செயலாளர் என்ற முறையில் அது என் வேலை.

கோத்தகிரி ஊராட்சி ஒன்றியத்தில் இருக்கிறது எங்கள் ஊராட்சி. நீலகிரி மாவட்டத்தின் 35 கிராம ஊராட்சிகளில் ஒன்று. ஹட்டி என்று அழைக்கப்படும் படகர் ஊர்கள் சில, தேயிலைத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எஸ்டேட் லைன் வீடுகள், 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் குடியிருப்பு ஒன்று, காட்டை ஒட்டி இருளர் கிராமங்கள் இரண்டு என்று மேட்டிலும் பள்ளத்திலுமாகச் சிதறிக் கிடக்கும் ஊராட்சி அது. வரைபடத்தில் விரல் அகலத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு குடியிருப்புகளுக்கு இடையே நடந்து போக ஒரு மணி நேரம் ஆகும். சமவெளியில் கட்சி வேலை பார்க்கும் நண்பர்களிடம் இதைச் சொன்னால் அவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். ஆனால் ஒரு கூட்டத்துக்கு நேரம் குறிப்பதே இங்கே எவ்வளவு பெரிய காரியம் என்பது இங்கே வந்து இருந்து பார்த்தால்தான் விளங்கும்.

ஆதரவு என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சி மன்றத் தலைவர் ஆகிய இரு பதவிகளுக்கும் கட்சி அடிப்படையில் தேர்தல் நடப்பதில்லை. ஊராட்சி ஒன்றிய வார்டுக்கும் மாவட்ட ஊராட்சி வார்டுக்கும்தான் கட்சிச் சின்னங்கள். 2019-இல் வாக்காளர் கையில் நான்கு சீட்டுகள் கொடுத்தார்கள்: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம், தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். மேலிடத்தின் கவனமெல்லாம் பச்சையிலும் மஞ்சளிலும் இருக்கும். அவற்றுக்கு விருப்ப மனு, நேர்காணல், கூட்டணிப் பேச்சு, இவர்தான் கட்சி வேட்பாளர் என்று சான்றளிக்கும் பி படிவம் என்று ஒரு நீண்ட வழி உண்டு. அதில் கிளையின் குரல் ஒரு பரிந்துரையோடு நின்றுவிடும். இளஞ்சிவப்புச் சீட்டு அப்படியல்ல. அதில் போட்டியிடுபவருக்குக் கட்சி கொடுக்கக்கூடியது, "இவரை நாங்கள் ஆதரிக்கிறோம்" என்ற ஒரு வாக்கியம் மட்டும்தான். அந்த வாக்கியத்தைச் சொல்லும் உரிமை பெரும்பாலும் கிளையிடமே விடப்படுகிறது.

சட்டத்தில் அந்த வாக்கியத்துக்கு இடமே கிடையாது. ஊருக்குள் அதற்கு நல்ல எடை உண்டு. வாக்குச்சாவடியில் யாருக்காக நம் ஆட்கள் முகவராக உட்காருவார்கள், வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு யாரோடு வீடு வீடாகப் போவார்கள், ஒன்றிய வார்டு வேட்பாளரின் ஜீப் வரும்போது அதில் ஏறி நின்று கைகூப்பப் போகிறவர் யார் என்பதெல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகும். ஊராட்சித் தலைவருக்கு அந்தத் தேர்தலில் செலவு வரம்பு 34,000 ரூபாய். அதற்குள் நின்று, மலை முழுக்க ஏறி இறங்கி வாக்குக் கேட்க வேண்டிய ஒருவருக்கு, கிளை தன் ஆட்களைக் கொடுப்பது பெரிய உதவி. வென்றால் அவர் ஐந்து ஆண்டுகள் குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் நடைபாதைக்கும் பொறுப்பு. ஊராட்சியின் காசோலையில் துணைத் தலைவரோடு சேர்ந்து கையெழுத்திடப் போகிறவர் அவர். எங்கள் ஊரில் ஒரு குழாய் உடைந்தால் சட்டமன்ற உறுப்பினரை யாரும் தேடுவதில்லை.

இனி 2019-க்கு வருகிறேன். 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் நடக்க வேண்டிய தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மாதம் 4-ஆம் தேதி ரத்து செய்த பிறகு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஊராட்சிகள் அரசு நியமித்த தனி அலுவலர்களின் பொறுப்பில் இருந்தன. இதோ வரும், அதோ வரும் என்று சொல்லிச் சொல்லி எல்லோரும் சலித்துப்போயிருந்த நேரத்தில், டிசம்பர் 2-ஆம் தேதி தேர்தல் அறிவிக்கப்பட்டது. 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 9 மாவட்டங்களை மட்டும் நிறுத்திவைத்து மற்றவற்றுக்கு அனுமதி தந்தது. 9-ஆம் தேதி வேட்புமனுத் தாக்கல் தொடங்கியது. 16-ஆம் தேதி கடைசி நாள். 19-ஆம் தேதிக்குள் திரும்பப் பெற வேண்டும். 27, 30 தேதிகளில் வாக்குப்பதிவு. நடக்குமா நடக்காதா என்ற கேள்விக்கு விடை கிடைத்ததிலிருந்து மனுத் தாக்கல் முடிவதற்குள் எங்களுக்குக் கிடைத்தவை பத்தே நாட்கள். நடுவில் 10-ஆம் தேதி கார்த்திகை தீபம். மார்கழி பிறந்தால் படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை. அதற்கான விரதங்களும் ஏற்பாடுகளும் ஹட்டிகளில் தொடங்கிவிடும்.

எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி அந்த முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. எங்கள் கட்சியிலேயே இரண்டு பேர் நிற்க விரும்பினார்கள். ஒருவர், கட்சியில் நீண்ட காலம் பொறுப்பு வகித்த ஒருவரின் மனைவி. நல்ல பெண்மணி, ஆனால் அதுவரை ஒரு கிராம சபைக் கூட்டத்தில்கூட அவர் எழுந்து பேசி நான் பார்த்ததில்லை. இன்னொருவர் எஸ்டேட்டில் இலை பறிப்பவர். மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநர். லைன் வீடுகளுக்குத் தண்ணீர் வராதபோது பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஒன்றிய அலுவலகம் வரை போய் நின்றவர். அவரை எல்லோரும் அக்கா என்றுதான் அழைப்போம். இங்கேயும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

கூட்டத்தை 11-ஆம் தேதி, புதன்கிழமை, காலை 11 மணிக்கு வைத்தோம். அதற்கு ஒரே காரணம், மேலிருந்து வரவேண்டிய பொறுப்பாளருக்கு அன்றுதான் தோதுப்பட்டது என்பது. அந்த நேரம் யாருக்கு உகந்தது, யாருக்கு உகந்ததல்ல என்று ஒருவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. 10-ஆம் தேதி காலையில் அறிவிப்பை ஒட்டினேன். ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய வெள்ளைத்தாள். அன்று மதியம் இறங்கிய மூடுபனியில் தாள் நனைந்து, எழுத்துகள் கீழ்நோக்கி வழிந்து, 'புதன்' என்பதில் 'பு' மட்டும் மிஞ்சியிருந்ததை மறுநாள் கூட்டத்துக்குப் போகும் வழியில் பார்த்தேன். வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருந்தோம் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குழுவில் 30 பேர்தான் இருந்தார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் பாதி இடங்களில் சிக்னல் கிடையாது.

புதன்கிழமை காலை 11 மணிக்கு எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒரு பெண் எங்கே இருப்பார் என்பது இந்த மலையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அவர் தேயிலைச் சரிவில் நின்றுகொண்டிருப்பார். கூட்டத்துக்கு வரவேண்டுமானால் ஒரு நாள் கூலியை விட வேண்டும். சொந்தமாக ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் சிறு தேயிலை விவசாயியும் அப்படித்தான். இலை ஏஜென்ட் வருவதற்குள் பறித்து, மூட்டை கட்டி, சாலை ஓரத்துக்குக் கொண்டுவந்தாக வேண்டும். அந்த நேரத்தில் ஓய்வாக இருப்பவர்கள் ஒப்பந்தக்காரர்கள், கடை வைத்திருப்பவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், பிறகு என்னைப் போல் அலுவலகத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வரக்கூடியவர்கள். அந்த 17 பேர் இவர்கள்தான். யாரும் யாரையும் தடுக்கவில்லை. எவரும் சூழ்ச்சி செய்யவில்லை. நேரம் குறித்தபோதே முடிவின் பெரும்பகுதி குறிக்கப்பட்டுவிட்டது. 40 நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. கட்சியில் நீண்ட காலம் பொறுப்பு வகித்தவரின் மனைவிக்கே ஆதரவு என்று முடிவாயிற்று.

அக்கா மனுவைத் திரும்பப் பெறவில்லை. 19-ஆம் தேதி மாலை வரை ஆள் மேல் ஆள் அனுப்பிப் பார்த்தோம். கட்சி வாக்குகள் இரண்டாகப் பிரிந்தன. 2020 ஜனவரி 2-ஆம் தேதி வாக்கு எண்ணிக்கை முடிந்தபோது மூன்றாவது ஒருவர் வென்றிருந்தார். அவர் வென்றதில் எனக்குக் குறை எதுவும் இல்லை, மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே கட்சியில் இருபது ஆண்டுகள் ஒன்றாக வேலை செய்த குடும்பங்கள் அதன் பிறகு ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போகாமல் இருந்ததுதான் என் மனதை அறுத்தது. சில நாள் கழித்து அக்காவைப் பார்த்து, கிளை முடிவுக்கு நீங்கள் கட்டுப்பட்டிருக்கலாமே என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அண்ணா, நான் இருந்து பேசி, தோத்திருந்தா கட்டுப்பட்டிருப்பேன். நீங்க கூட்டம் போட்ட நேரத்துல நான் இலைப் பையோட மேட்டுல நின்னுட்டிருந்தேன். எனக்கு அப்படி ஒரு கூட்டம் நடந்ததே சாயங்காலம்தான் தெரியும்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இரண்டு மாதம் கழித்துக் கூடிய கிளைக் கூட்டத்தில் நான் இந்தப் பேச்சை எடுத்தேன். ஆதரவு முடிவுகளுக்கென்று ஒரு முறை வேண்டும், அதை எழுதிவைக்க வேண்டும் என்றேன். கட்சி விதிகளில் இல்லாததை நாமாக எழுதலாமா என்று ஒருவர் கேட்டார். கட்சி அடிப்படையில் நடக்காத தேர்தலுக்குக் கட்சி விதிகளில் வழி இருக்காதுதான். அதனாலேயே நாம் எழுத வேண்டியிருக்கிறது என்று எங்கள் கிளைச் செயலாளர் அண்ணன் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் வேலை அங்கேயே நின்றிருக்கும்.

முதலில் கிழமைக்கே வந்தோம். மாலையில் வைக்கலாம் என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றிய யோசனை. எஸ்டேட் வேலை 5 மணிக்கு முடிகிறது. டிசம்பரில் 6 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். கோத்தகிரிப் பக்கம் தேயிலைக் காட்டுக்குள் கரடி நடமாட்டம் எல்லோருக்கும் தெரிந்தது. காட்டெருமையும் வழியில் நிற்கும். அந்த நேரத்தில் ஒரு பெண்ணை ஒற்றையடிப் பாதையில் நடந்து வரச் சொல்வதும் வராதே என்று சொல்வதும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைதான் மிஞ்சியது. ஞாயிறு காலையில் ரேஷன், காய்கறி, துணி துவைப்பது என்று வாரத்தின் வேலையெல்லாம் இருக்கும். ஆகவே ஞாயிறு பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி நாலரைக்குள் முடிப்பது, அதற்குள் முடியாவிட்டால் முடிவெடுக்காமல் அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளிவைப்பது என்று எழுதினோம். கடைசிப் பேருந்தைப் பார்த்துப் பாதிப் பேர் எழுந்து போன பிறகு மீதி இருப்பவர்கள் கைதூக்குவது இனி கூடாது என்பதற்காக இதைச் சேர்த்தோம். இடத்தையும் மாற்றி மாற்றி வைக்கிறோம்: ஒரு முறை ஹட்டியில், ஒரு முறை லைன் வீட்டுப் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில், ஒரு முறை இருளர் கிராமத்தில். இருளர் கிராமத்தில் நடந்த முதல் கூட்டத்துக்கு ஒப்பந்தக்காரர்களில் பலர் வரவில்லை. தொலைவு என்று சொன்னார்கள். அந்தத் தொலைவை மறுபக்கத்திலிருந்து அத்தனை ஆண்டுகளாக நடந்தவர்கள் முன் அதற்கு மேல் யாரும் ஒன்றும் பேசவில்லை.

எவ்வளவு நாள் முன்னதாகச் சொல்வது என்பது இன்னும் சிக்கலானது. 15 நாள் அவகாசம் தர வேண்டும் என்று எழுதுவது எளிது. தேர்தல் ஆணையமோ அறிவிப்புக்கும் மனுத் தாக்கலுக்கும் இடையே ஒரு வாரம் விட்டாலே அதிகம். அறிவிப்பு வந்த பிறகு கூடுவது என்றால் மறுபடியும் புதன்கிழமை 11 மணிக்குத்தான் போய் நிற்போம். எனவே வேலையை இரண்டாகப் பிரித்தோம். நிற்க விரும்புகிறவர்கள் பேசுவதும் உறுப்பினர்கள் அவர்களைக் கேள்வி கேட்பதும் ஒரு கூட்டம். அதை, பதவிக்காலம் முடியும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, அறிவிப்புக்கு வெகு முன்னதாகவே நடத்திவிடுவது. முடிவெடுப்பது இன்னொரு கூட்டம். அது மனுத் தாக்கலுக்குள் வரும் ஞாயிற்றுக்கிழமையில். 2019-இல் அப்படிச் செய்திருந்தால் டிசம்பர் 15-ஆம் தேதி ஞாயிறு எங்களுக்கு இருந்தது. காலண்டரைப் பார்த்திருந்தாலே போதும்.

யார் வாக்களிக்கலாம் என்பதில்தான் மிகக் கடுமையான விவாதம் நடந்தது. தேர்தல் நெருங்கும்போது ஒருவர் தன் உறவினர்கள், தன்னிடம் வேலை பார்ப்பவர்கள் என்று நாற்பது பேருக்கு உறுப்பினர் அட்டை எழுதிக் கொண்டுவந்து நிறுத்தினால், பதினைந்து ஆண்டுகள் கொடி கட்டியவர்களின் சொல் அன்றைக்கே மதிப்பிழந்துவிடும். கட்சி வளர்வதைத் தடுக்கிறீர்களா என்ற கேள்வி எழுந்தது. வளரட்டும், ஆனால் முதல் கூட்டத்துக்கு மூன்று மாதம் முன்பு அட்டை பெற்றவர்கள் மட்டும் ஆதரவு முடிவில் வாக்களிக்கலாம் என்று கோடு போட்டோம். பட்டியலை முன்கூட்டியே வாசித்துக் காட்ட வேண்டும் என்றும் சேர்த்தோம். அப்படி முதல் முறை வாசித்தபோது, இறந்துபோன 4 பேரின் பெயர்களும் திருப்பூருக்கு வேலைக்குப் போய்க் குடியேறிவிட்ட 9 பேரின் பெயர்களும் அதில் இருந்தன.

வேட்பாளரின் நெருங்கிய உறவினர்கள் வாக்கெடுப்பின்போது வெளியே இருக்க வேண்டும் என்பது பேச்சில்லாமல் ஏற்கப்பட்டது. கைதூக்குவதற்குப் பதில் சீட்டு என்பதும் அப்படியே. ஒரே ஹட்டியில், ஒரே எஸ்டேட்டில் காலமெல்லாம் முகம் பார்த்து வாழ வேண்டியவர்கள் அண்ணன் முன்னால், மேஸ்திரி முன்னால், கடன் கொடுத்தவர் முன்னால் எப்படித் தைரியமாகக் கைதூக்குவார்கள்? டீக்கடையிலிருந்து வர்க்கி பிஸ்கட் வைத்திருந்த காலித் தகர டப்பா ஒன்றை வாங்கி, மூடியில் கத்தியால் ஒரு கீறல் போட்டுக்கொண்டோம். நோட்டுத் தாளை எட்டாகக் கிழித்தால் சீட்டு. எழுதத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அடையாளம்: ஒருவருக்கு வட்டம், ஒருவருக்குப் பெருக்கல் குறி. டப்பாவைத் திறந்தபோதெல்லாம் வெண்ணெய் வாசனையோடு சீட்டுகள் வெளிவந்தன. இரண்டு கூட்டங்களுக்கு அந்த வாசனை போகவில்லை.

படகர் ஹட்டிகளில் ஒரு தனிக் கேள்வி எழும். தலைவர் தேர்தலில் யாரை நிறுத்துவது என்று ஊரே கூடிப் பேசி முடிவு செய்வது அங்கே பழைய வழக்கம். ஊர் ஒரு சொல் சொல்லிவிட்டால், கட்சிக்காரராக இருந்தாலும் அதை மீறுவது எளிதல்ல. மீறுகிறவர் அதற்குப் பின்னும் அதே ஊரில்தான் வாழ்ந்தாக வேண்டும். எனவே கிளைக் கூட்டத்தை ஊர்க்கூட்டத்துக்கு முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா? முன்னால் வைக்க வேண்டும், நம் உறுப்பினர் ஒரு தெளிவோடு ஊர்க்கூட்டத்துக்குப் போகட்டும் என்று நான் வாதிட்டேன். ஹட்டியைச் சேர்ந்த மூத்த உறுப்பினர் ஒருவர், ஊர் பேசுவதற்கு முன் கட்சி பேசினால் ஊரை அவமதித்ததாக எடுத்துக்கொள்வார்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் சொன்னதிலும் இருந்தது. கேள்வி கேட்கும் முதல் கூட்டத்தை ஊர்க்கூட்டத்துக்கு முன்பும், முடிவெடுக்கும் கூட்டத்தைப் பின்பும் வைப்பது என்று இணங்கினோம். இருந்தாலும் எனக்கு இதில் முழு நிம்மதி இல்லை. ஊர்க்கூட்டங்களில் பெண்கள் பேசும் வாய்ப்பு இன்னும் குறைவாகவே இருக்கிறது. பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பதவிக்குக்கூட ஆண்களே கூடிப் பெயர் சொல்லும் வழக்கத்தைக் கட்சியும் பின்தொடர்ந்து போனால், 2016-இல் சட்டம் திருத்தி 50 விழுக்காடு கொடுத்ததற்கு எங்கள் பங்களிப்பு என்ன?

மொழியையும் சொல்ல வேண்டும். ஹட்டியில் கூட்டம் நடந்தால் பேச்சு தானாகவே படக மொழிக்கு மாறிவிடும். சூடு ஏறும்போது நிச்சயம் மாறும். அப்போது படக மொழி தெரியாத லைன் வீட்டுக்காரர்களும் இருளர் கிராமத்தவர்களும் அமைதியாகிவிடுவார்கள். அவர்கள் சம்மதித்து அமைதியாக இருப்பதாகவே நாங்கள் பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தோம். இப்போது கேள்வி பதில்கள் தமிழில் நடக்கின்றன. யாராவது படக மொழியில் பேசினால் அடுத்தவர் பேசுமுன் அதைத் தமிழில் சொல்ல ஒருவர் இருக்கிறார்.

எழுதிவைத்தவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, யாருக்கும் ஆதரவில்லை என்று முடிவெடுக்கும் வழி. சீட்டில் அதற்கும் ஓர் அடையாளம் உண்டு, வெறும் கோடு. வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு யாருக்கும் கிடைக்காவிட்டாலும் கிளை யாரையும் ஆதரிக்காது. உறுப்பினர்கள் தத்தம் மனப்படி வேலை செய்யலாம். இதைப் பலர் எதிர்த்தார்கள். முடிவெடுக்கத் தெரியாத கிளை என்று மேலே நினைப்பார்கள் என்றார்கள். 2019-இல் நடந்ததை நான் மறுபடி எடுத்துச் சொன்னேன். நம் கட்சியின் நல்ல பிள்ளைகள் இரண்டு பேர் நிற்கும்போது, ஒருவரைக் கையில் பிடித்து மற்றவரைத் துரோகியாக்கும் கட்டாயம் எங்கிருந்து வந்தது? அது கட்சிச் சின்னத்தில் நடக்கும் தேர்தலே அல்ல. அன்று நாங்கள் பேசாமல் இருந்திருந்தால், இரண்டு பெண்களும் தங்கள் பலத்தில் நின்றிருப்பார்கள்; யார் தோற்றிருந்தாலும் கிளை உடைந்திருக்காது.

2022 நகர்ப்புறத் தேர்தலின்போது பக்கத்துப் பேரூராட்சியிலுள்ள எங்கள் கட்சிக் கிளையினர் இந்த முறையைப் பற்றிக் கேள்விப்பட்டு என்னை அழைத்தார்கள். பேரூராட்சி வார்டு கட்சிச் சின்னத்தில் நடப்பது. கிளை பரிந்துரைக்கலாம், முடிவு மேலே. அந்த ஜனவரியில் கொரோனா மூன்றாம் அலைக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் முழு ஊரடங்கு இருந்தது. தொழிலாளர்களுக்கு ஓய்வான அந்த ஒரு நாளும் பூட்டிக்கிடந்தது. 26-ஆம் தேதி தேர்தல் அறிவிப்பு, 28-ஆம் தேதி மனுத் தாக்கல் தொடக்கம், பிப்ரவரி 4 கடைசி. நடுவில் ஒரே ஒரு ஞாயிறு, ஜனவரி 30. நல்லவேளையாக அன்றைக்கு ஊரடங்கு இல்லை என்று அரசு அறிவித்துவிட்டது. முகக்கவசத்தோடு ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்துக் குளிரில் உட்கார்ந்து, வார்டுக்கு மூன்று பெயர் என்று சீட்டுப் போட்டுப் பரிந்துரைத்தார்கள். இரண்டு நாளில் செய்தி வந்தது: அந்த வார்டுகளில் ஒன்று கூட்டணிக் கட்சிக்குப் போய்விட்டது. பரிந்துரைக்கப்பட்ட பெண்ணின் முகம் வாடியது. என்றாலும் அந்த வார்டில் ஒருவரும் சுயேச்சையாக நிற்கவில்லை. அவரே கூட்டணி வேட்பாளருக்கு முகவராக உட்கார்ந்தார். தான் கேட்கப்பட்டோம், பேச்சும் கணக்கும் எல்லோர் முன்பும் நடந்தன என்ற நிறைவு அவருக்கு இருந்தது என்றுதான் நான் நம்புகிறேன்.

ஒன்றிய அளவில் இதைக் கொண்டுபோக முயன்று வருகிறோம், இன்னும் முடியவில்லை. கோத்தகிரி ஒன்றியத்தில்தான் தெங்குமரஹாடா ஊராட்சியும் இருக்கிறது. மாயாறு ஓரத்தில் காட்டுக்குள் கிடக்கும் ஊர். அங்கிருந்து கோத்தகிரியில் நடக்கும் ஒரு கூட்டத்துக்கு வருகிறவர் ஆற்றைக் கடந்து, காட்டு வழியாகப் பவானிசாகர் பக்கம் இறங்கி, மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்து 33 கிலோமீட்டர் மலையேறி வரவேண்டும். ஒன்றியக் கூட்டம் எந்தக் கிழமையில் எத்தனை மணிக்கு வைத்தாலும் அவருக்கு அது இரண்டு நாள் பயணம். ஒன்றிய வார்டுகளுக்கான பரிந்துரைக் கூட்டத்தில் அவர்களின் சீட்டை மூடிய உறையில் முன்கூட்டியே பெற்றுக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். விவாதத்தைக் கேட்காமல் போடும் வாக்கு எப்படிச் சரியாகும் என்று கேட்கிறார்கள். எதிர்ப்பு நியாயமானதுதான். அதற்காகவாவது கேள்வி கேட்கும் கூட்டத்தை ஒரு முறை தெங்குமரஹாடாவில் வையுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் ஊராட்சியின் பதவிக்காலம் முடிந்து மறுபடியும் தனி அலுவலர் வந்தார். அதற்கு முன்பே, பின்னோக்கி எண்ணியபடி, முதல் கூட்டத்தை லைன் வீட்டுச் சமுதாயக் கூடத்தில் நடத்திவிட்டோம். இந்த முறை அறிவிப்பை மூன்று இடங்களில், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஒட்டினேன். வாட்ஸ்அப் இல்லாத வீடுகளுக்கு ஆள் போய்ச் சொன்னார். 52 பேர் வந்தார்கள். நிற்க விரும்புவோர் மூவரும் ஆளுக்குப் பத்து நிமிடம் பேசினார்கள். கோடையில் தண்ணீர்த் தொட்டியை எந்த வரிசையில் திறப்பீர்கள், மேட்டு லைனுக்கு முதலிலா கடைசியிலா என்று ஒரு பாட்டி கேட்டார். மூவரில் ஒருவருக்குத்தான் தொட்டி எத்தனை என்பதே தெரிந்திருந்தது.

அக்கா வந்திருந்தார். இந்த முறை அவர் நிற்கவில்லை. கூட்டம் முடிந்து நான் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எழுதுவதை வாசித்துக் காட்டச் சொன்னார். வந்தோர் எண்ணிக்கை, பெண்கள் எத்தனை, எந்தெந்தக் குடியிருப்பிலிருந்து எத்தனை பேர், என்னென்ன கேள்விகள், தொடங்கிய நேரம் 2.10, முடிந்த நேரம் 4.25 என்று வாசித்தேன். கீழ் இருளர் கிராமத்திலிருந்து யாரும் வரவில்லையே, அதையும் எழுதுங்கள் என்றார். எழுதினேன். அவர் கையொப்பமிட்டுவிட்டு, கடைசிப் பேருந்துக்கு நிற்கும் பெண்களோடு சேர்ந்துகொள்ள வெளியே போனார்.